ஆய்வுக்கூடத்தை வார்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்

குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு வரைபடம் போடுகிறவர்களுக்கும், அதில் கையெழுத்திடுகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பொதுப்பணித் துறைப் பொறியாளர்களே, கட்டடக் கலைஞர்களே, மருத்துவக் கல்லூரி முதல்வர்களே, நிதி ஒதுக்கும் அதிகாரிகளே,

எங்காவது புதிதாகக் குழந்தைகள் நலக் கட்டடம் எழும்புகிறது என்று செய்தி வந்தால் அதன் வரைபடத்தைப் பார்க்க ஆசைப்படுவேன். எத்தனை மாடி, எத்தனை படுக்கை, எத்தனை வென்டிலேட்டர் என்பதெல்லாம் செய்தியிலேயே வந்துவிடும். ஆய்வுக்கூடம் எங்கே என்பது மட்டும் வராது. தேடினால் பெரும்பாலும் கீழ்த்தளத்து மூலையில் இருக்கும், அல்லது இரண்டு கட்டடம் தள்ளிப் பெரியவர்களின் பிரிவோடு சேர்ந்திருக்கும். ஆராய்ச்சிக்கு என்று கேட்டால், ‘பல்நோக்கு அறை’ என்று எழுதிய ஒரு கட்டத்தைக் காட்டுவார்கள். குழந்தைகளின் இரத்தத்தையும் மலத்தையும் சளியையும் பரிசோதிக்கும் வேலையிலேயே வாழ்நாளைக் கழித்த தொழில்நுட்பர் நான். அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

முதலில் இரத்தத்தின் அளவைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பிறந்த குழந்தையின் உடலில் கிலோவுக்குச் சுமார் 80 முதல் 85 மில்லி இரத்தம் இருக்கும். மூன்று கிலோ குழந்தைக்கு மொத்தமே 250 மில்லி, ஒரு டம்ளர் நிறைய. குறைமாதத்தில் ஒரு கிலோ எடையில் பிறந்ததற்கு 90 மில்லியை ஒட்டித்தான். பெரியவர்களுக்கு எடுப்பதுபோல் ஒரு குழாய் நிறைய 5 மில்லி எடுத்தால், அந்தச் சிசு தன் இரத்தத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். ஆராய்ச்சிக்காக எடுக்கும் இரத்தம் ஒரு தடவையில் உடலிலுள்ள இரத்தத்தின் 1 சதவீதத்தையும், நான்கு வாரங்களில் 3 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு கிலோ சிசுவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மில்லிகூட வராது.

அந்தத் துளி வீணானால் மறுபடி கேட்க முடியாது. கேட்டால் மறுபடி குதிகாலில் குத்த வேண்டும். ‘சாம்பிள் கட்டியாகிவிட்டது, இன்னொன்று அனுப்புங்கள்’ என்று வார்டுக்குப் போன் செய்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனத்திருக்கிறது. அப்படி வீணானவற்றில் பல, எங்கள் மேஜையில் கெட்டவை அல்ல, வருகிற வழியில் கெட்டவை. பிரிக்காமல் வைத்த இரத்தத்தில் சர்க்கரை அளவு மணிக்கு 5 முதல் 7 சதவீதம்வரை குறைந்துகொண்டே போகும், ஏனென்றால் குழாய்க்குள்ளும் அணுக்கள் அதைத் தின்றுகொண்டிருக்கின்றன. அம்மோனியா பார்க்க வேண்டுமென்றால் ஐஸில் வைத்து உடனே கொண்டுவந்து பிரித்தாக வேண்டும். தாமதித்தால் அளவு பொய்யாக ஏறிவிடும். பிறவியிலேயே வளர்சிதை மாற்றக் கோளாறோடு வந்த சிசுவுக்கு அந்த ஓர் எண்ணை வைத்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார். இரண்டு கட்டடம், ஒரு லிஃப்ட், ஒரு வரிசை, மதியச் சாப்பாட்டு நேரம் என்று தாண்டி வரும் மாதிரிக்கு இந்த ஐஸும் அவசரமும் ஏது? ஆகவே என் முதல் வேண்டுகோள் இதுதான்: பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு எந்தத் தளத்திலோ, அதே தளத்தில் ஓர் ஆய்வுக்கூடம். பெரிதாக வேண்டாம். ஒரு சென்ட்ரிஃபியூஜ், ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு ஃப்ரீசர், மிகச் சிறிய அளவில் வேலை செய்யும் கருவிகள், கை கழுவ முழங்கையால் திறக்கும் குழாய். இவ்வளவுக்கு இடம் ஒதுக்கினால் போதும்.

‘சிகிச்சைக்கான லேப் சரி, ஆராய்ச்சிக்கு எதற்கு?’ என்று கேட்கிறவர்கள் உங்களில் உண்டு. என்னிடமே கேட்டிருக்கிறார்கள். குழந்தை, சின்ன உருவத்துப் பெரியவர் அல்ல. பிறந்த அன்று 16, 17 கிராம் இருக்கும் ஹீமோகுளோபின் இரண்டு மாதத்தில் 11க்குக் கீழேகூட இறங்கும். அது நோயல்ல, வளர்ச்சியின் ஒரு கட்டம். எலும்பு வளரும் பிள்ளைக்கு அல்கலைன் பாஸ்பட்டேஸ் பெரியவர்களைப்போல் பல மடங்கு இருக்கும். முதல் சில நாட்களில் சிசுவின் கிரியாட்டினின் தாயினுடையதைக் காட்டும். எந்த வயதுக்கு எது இயல்பு என்று யாராவது ஆரோக்கியமான குழந்தைகளிடம் அளந்து எழுதி வைத்தால்தான் ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சிடும் அந்த ‘நார்மல்’ என்கிற எண்ணுக்கு அர்த்தம். கனடாவில் டொரொன்டோ குழந்தைகள் மருத்துவமனை ‘காலிப்பர்’ என்ற பெயரில் இதையே பெரிய ஆராய்ச்சியாக நடத்துகிறது. நம் பிள்ளைகளின் உணவும் உடல்வாகும் வேறு. நம் எண்களை நாம்தான் எடுக்க வேண்டும், அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும்.

குழந்தை நோய்களுக்கு மருந்து பிறந்த இடங்களைப் பாருங்கள். 1947இன் கடைசியில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோயியல் மருத்துவர், இரத்தப் புற்றுநோயால் சாகும் தறுவாயில் இருந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை அவர் வேலை நுண்ணோக்கியோடும் பிணவறையோடும்தான். அதே மருத்துவமனையில் மாடியில் குழந்தைகள் இருந்தார்கள். எலும்புமஜ்ஜையை எடுத்து, மருந்து கொடுத்து, மறுபடி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க அவரால் முடிந்தது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948இல் அது வெளியானபோது நம்பாதவர்களே அதிகம். இன்று குழந்தைகளின் லூக்கிமியா பெரும்பாலும் குணமாகிறது என்றால் தொடக்கம் அங்கேதான். அந்த மருந்தை உருவாக்கிக் கொடுத்த லெடர்லே ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1962இல் மெம்ஃபிஸில் திறந்த செயின்ட் ஜூட் மருத்துவமனை, வார்டையும் ஆராய்ச்சி அறைகளையும் ஒரே கூரைக்குக் கீழ் வைத்தே கட்டப்பட்டது. அங்கு நோயைப் பார்க்கிறவரும் செல்லைப் பார்க்கிறவரும் தினமும் எதிரெதிரே நடந்து போவார்கள். கட்டட வரைபடத்துக்கு இந்தச் சக்தி உண்டு, அது உங்கள் கையில் இருக்கிறது.

குழந்தைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற வயிற்றுப்போக்குக்குக் காரணமான ரோட்டா வைரஸும் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில்தான் பிடிபட்டது. 1973இல் மெல்பர்னில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும் வயிற்றுப்போக்கு வந்த ஒன்பது குழந்தைகளின் முன்சிறுகுடலிலிருந்து துளியளவு திசுவை எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். ஆறு பேரில் அந்த வைரஸ் தெரிந்தது.

அங்கிருந்து நம் வீட்டுக்கு வருகிறேன், இதில்தான் எனக்குப் பெருமை. 1980களின் நடுவில் தில்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகள் பிரிவில், ரோட்டா வைரஸ் தொற்றியும் நோய் வராத சிசுக்கள் இருப்பதை மகராஜ் கிஷன் பானும் உடனிருந்தவர்களும் கவனித்தார்கள். அந்தச் சிசுக்களில் ஒன்றிடமிருந்து எடுத்த வைரஸுக்கு 116ஈ என்று பெயர். அதைப் பாதுகாத்து, இந்திய, அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் பல வருடம் வளர்த்து, ஆராய்ந்து, ஹைதராபாத்தில் தடுப்பு மருந்தாக்கி, தில்லி, புணே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் பரிசோதித்தார்கள். 2016இல் அது தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது. அடுத்த வருடமே தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கும் ரோட்டா சொட்டு மருந்து கிடைத்தது. தில்லியில் ஒரு தொட்டிலுக்கும் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இடையில் முப்பது வருடம். அந்த முப்பது வருடமும் யாரோ ஒருவர் ஒரு ஃப்ரீசரைக் கெடாமல் பார்த்துக்கொண்டார்.

வேலூரில் நடந்ததை இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். 2002-03இல் ராமநாயக்கன்பாளையம், சின்ன அல்லாபுரம், கஸ்பா பகுதிகளில் பிறந்த குழந்தைகளைக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குழு பிறப்பிலிருந்து மூன்று வயதுவரை பின்தொடர்ந்தது. களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீட்டுக்குப் போனார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலம் எடுத்தார்கள், வயிற்றுப்போக்கு வந்தால் அப்போதும் எடுத்தார்கள். 373 குழந்தைகள் மூன்று வருடமும் நிறைவு செய்தார்கள். மெக்ஸிகோவில் முன்பு நடந்த இதே போன்ற ஆய்வில், இரண்டு தடவை ரோட்டா தொற்று வந்த குழந்தைக்கு மறுபடி கடுமையான நோய் வரவில்லை. வேலூரில் மூன்று தடவை தொற்று வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். அந்தக் கல்லூரியின் ககன்தீப் காங் குழுவினர் 2011இல் இதை வெளியிட்டபோது, நம் பிள்ளைகளுக்கு வாய்வழித் தடுப்பு மருந்து ஏன் மேல்நாட்டு அளவுக்கு வேலை செய்வதில்லை என்ற கேள்விக்கு ஒரு நேரான தடயம் கிடைத்தது. மெக்ஸிகோ எண்ணை நம்பியே இருந்திருந்தால் நாம் தவறான கணக்கில் திட்டம் போட்டிருப்போம்.

அந்த ஆய்வுக்கு எத்தனை அறைகள் வேலை செய்திருக்கும் என்று யோசியுங்கள். தெருவுக்குள்ளேயே குழந்தையைப் பார்க்க ஒரு சிறு கிளினிக். எடை போட, நீளம் அளக்க இடம். மாதிரி டப்பாக்களில் எண் எழுதி அடுக்க மேஜை. ஐஸ் பேக் உறைய வைக்க ஒரு ஃப்ரீசர், கோல்ட் பாக்ஸ் கழுவிக் காயவைக்க ஒரு முற்றம். பிறகுதான் வைரஸைத் தேடும் பெரிய கூடம். ஆராய்ச்சிக் கட்டடம் என்றதும் கண்ணாடியும் எஃகும்தான் உங்கள் மனதில் வருகிறது. நான் கேட்பது அந்த முற்றத்தையும் சேர்த்து.

இனி வரைபடத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த குறைகள். கிருமிப் பாதுகாப்புக் கேபினெட் என்பது காற்றோட்டத்தாலேயே வேலை செய்யும் பெட்டி. முன்புறம் காற்றுத் திரை போல் இறங்கினால்தான் உள்ளே இருக்கும் கிருமி வெளியே வராது, வெளியே இருக்கும் தூசு உள்ளே போகாது. அதற்கு நேர் மேலே மின்விசிறி போடுகிறீர்கள். கதவுக்கு எதிரே வைக்கிறீர்கள். ஏசியின் வாய் அதன்மேல் ஊதுகிறது. கதவு திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும் அந்தத் திரை கலைகிறது. பல லட்சம் கொடுத்து வாங்கிய கேபினெட், வைத்த இடத்தால் சாதாரண அலமாரியாகிவிடுகிறது. அறையின் உள்மூலையில், நடமாட்டம் இல்லாத சுவரோரம் வையுங்கள். விசிறிக் கொக்கியே போடாதீர்கள்.

பி.சி.ஆர். வேலைக்கு ஒரே பெரிய ஹால் உதவாது. வினைப்பொருள் கலவை தயாரிக்க ஓர் அறை, மாதிரியிலிருந்து மரபுப்பொருளைப் பிரிக்க ஓர் அறை, பெருக்கிப் பார்க்க ஓர் அறை என்று தனித்தனியாக, ஒரே திசையில் நடந்து போகும்படி அமைய வேண்டும். பெருக்கிய பொருளில் ஒரு துகள் முதல் அறைக்குத் திரும்பினாலும் நோயில்லாத குழந்தைக்கு நோய் இருப்பதாக ரிப்போர்ட் வரும். மூன்று சின்ன அறைகளுக்கு ஆகும் செங்கல், ஒரு ஹாலுக்கு ஆவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

மைனஸ் 80 ஃப்ரீசர் உள்ளே குளிர்விக்கிற அளவுக்கு வெளியே சூடு தள்ளும். நாலைந்தை ஒரு சன்னல் இல்லாத அறையில் அடைத்தால் சித்திரை வெயிலில் அந்த அறையே உலையாகும், கம்ப்ரஸர் படுத்துவிடும். அறைக்குத் தனி ஏசி வேண்டும். அந்த ஏசிக்கும் ஃப்ரீசருக்கும் சேர்த்து ஜெனரேட்டர் இணைப்பு வேண்டும். இரவில் வெப்பம் ஏறினால் யாருடைய போனுக்காவது அலாரம் போக வேண்டும். ஜெனரேட்டரைக் கீழ்த்தளத்தில் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை எதைப் பார்த்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, சொன்னால் சிறு விஷயமாகத் தெரியும்: கதவின் அகலம். புத்தம் புதிய ஃப்ரீசர் வந்திறங்கி, கதவுக்குள் நுழையாமல் வராந்தாவில் வாரக்கணக்கில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நிலையைப் பெயர்த்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள்.

பாதுகாத்து வைத்த மாதிரிக்கு என்ன மதிப்பு என்று பிகாரின் முசாஃபர்பூர் சொல்லும். 1990களிலிருந்து கோடைதோறும் அங்கே குழந்தைகள் வலிப்பு வந்து, நினைவிழந்து, ஒரே இரவில் இறந்தார்கள். மூளைக்காய்ச்சல் வைரஸ் என்றே பலரும் நினைத்தார்கள். 2014 கோடையில் இரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 390 குழந்தைகளில் 122 பேர் இறந்தார்கள். அந்த வருடம் வரிசையாக மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தபோதுதான், பெரும்பாலோருக்கு இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்ததும், லிச்சிப் பழத்தில் இயற்கையாக உள்ள நச்சின் தடயங்கள் சிறுநீரில் இருந்ததும் உறுதியாயின. இரவு சாப்பிடாமல் படுத்த பிள்ளைகளையே அது அதிகம் தாக்கியது. இரவுச் சாப்பாடு கொடுங்கள், வந்தவுடன் சர்க்கரை பார்த்து குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்ற மிக எளிய வழிக்கு அந்தச் சிறுநீர்க் குப்பிகளும் ஆதாரமாயின. அந்தச் சோதனை அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடக்க வேண்டியிருந்தது. ஒரு மாவட்ட மருத்துவமனையில் குப்பியை உறைய வைக்க இடமில்லாவிட்டால் அட்லாண்டாவுக்கு அனுப்பவும் எதுவும் இருக்காது.

காசநோயைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்கள் இருமிச் சளி துப்புவார்கள். மூன்று வயதுப் பிள்ளை சளியை விழுங்கிவிடும். அதனால் விடியற்காலை, வெறும் வயிற்றில், மூக்கு வழியே குழாய் விட்டு இரைப்பையிலிருந்து எடுக்க வேண்டும், அல்லது உப்பு நீராவி கொடுத்து இரும வைக்க வேண்டும். இதற்கு முதல்நாள் இரவே தாயும் பிள்ளையும் தங்க இடம் வேண்டும். எடுக்கிற அறையில் காற்று வார்டுப் பக்கம் திரும்பாமல் வெளியே போக வேண்டும். சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956இல் தொடங்கியது. வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டிய இடம் அது. அண்மையில் ‘ஷைன்’ என்ற ஆய்வில் உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்காவோடு சென்னையும் புணேயும் சேர்ந்தன. மொத்தம் 1,204 குழந்தைகள். தீவிரமில்லாத காசநோய்க்கு ஆறு மாதம் கொடுத்த மருந்தை நான்கு மாதத்தில் நிறுத்தலாம் என்ற முடிவு 2022இல் இதழில் வெளியானது. உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. மாத்திரையைக் கண்டாலே அழும் குழந்தைக்கும், அதை மடியில் பிடித்து வைத்துக் கொடுக்கும் தாய்க்கும் இரண்டு மாதம் மிச்சம். ஆராய்ச்சியால் வந்த நன்மைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

அறைகளில் ஒன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பெற்றோரிடம் சம்மதம் கேட்கும் அறை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி ஏழு வயது தாண்டிய குழந்தையிடமும் இசைவு கேட்க வேண்டும். 12 வயதுவரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில். வராந்தாவில், ஸ்ட்ரெச்சர்கள் போய்வருகிற இடத்தில், நின்றபடி ஒரு தாயிடம் ஏழு பக்கக் காகிதத்தை நீட்டி, ‘இங்கே கையெழுத்துப் போடும்மா’ என்றால் அது சம்மதம் இல்லை. கதவு சாத்திய அறை, எல்லோரும் உட்கார நாற்காலி. அப்பத்தாவோ அம்மாச்சியோ கட்டாயம் கூட வருவார்கள், அவர்கள் கேட்கும் கேள்விதான் பல நேரம் சரியான கேள்வியாக இருக்கும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க மறைவு, கூட வந்த மூத்த பிள்ளை விளையாட ஒரு மூலை, பக்கத்திலேயே கழிப்பறை. ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து போக இன்னொரு வாசல் இருந்தால் இன்னும் நல்லது.

நிதி அதிகாரிகளிடம் தனியாக ஒன்று. கட்டடத்துக்கு ஒரே தடவையில் பணம் வருகிறது, திறப்பு விழா நடக்கிறது. மூன்றாம் வருடம் கருவிகளின் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை. கேபினெட்டின் வடிகட்டியை மாற்றவும் காற்றின் வேகத்தை வருடம்தோறும் அளந்து சான்று வாங்கவும் ஆளில்லை. வேலை தெரிந்த பெண்ணைத் திட்டக்காலப் பணியில் எடுத்து, ஆய்வு முடிந்ததும் அனுப்பிவிடுகிறீர்கள். சிசுவின் குதிகாலிலிருந்து ஒரே குத்தில், குமிழ் வராமல், சிதையாமல் இரத்தம் எடுக்க அவள் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆகியிருக்கும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் பல்துறை ஆய்வுப் பிரிவுகள் மத்திய அரசின் திட்டத்தில் வந்திருக்கின்றன, நல்ல தொடக்கம். அவற்றில் குழந்தைகள் ஆய்வுக்கென்று நிரந்தரப் பணியிடங்களும் வேண்டும். கட்டட மதிப்பீட்டிலேயே பத்து வருடப் பராமரிப்பையும் சேர்த்து எழுதுங்கள். மதிப்பீடு பெரிதாகத் தெரியும். ஆனால் அதுதான் உண்மையான செலவு.

அடுத்த கட்டடத்துக்கு ஒப்புதல் கூட்டம் போடும்போது, பேராசிரியர்களோடு ஒரு தொழில்நுட்பரையும், பச்சிளங்குழந்தைகள் பிரிவின் செவிலியர் ஒருவரையும், ஒரு களப்பணியாளரையும், அந்த மருத்துவமனையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இருந்த ஒரு தாயையும் கூப்பிடுங்கள். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் கூப்பிடுங்கள். என்னைப்போல் ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறோம். வரைபடம் படிக்க எங்களில் பலருக்குச் சரியாக வராது. தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டினால், சென்ட்ரிஃபியூஜ் எங்கே வர வேண்டும், சுவிட்ச் எந்த உயரத்தில் வேண்டும், தொட்டி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் ஒருவர்